கல்லுச் சடக்கில் நீண்ட ஓட்டம்: தூரத்தைவிடத் திரும்பும் நேரமே முக்கியம்

தார்ச்சாலையில் 21 கிலோமீட்டர் ஓடிப் பழகியவர்களுக்கு அடுத்து காட்டுப் பாதையில் ஆசை வருவது இயல்பு. ஜொகூரில் அதற்கு இடம் உண்டு. கஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பேத்தா நுழைவாயில் வரையிலான வழி சுமார் 56 கிலோமீட்டர். அதில் நீண்ட பகுதி செம்பனைத் தோட்டங்களையும் காட்டையும் கடந்து போகும் மண்ணும் சரளைக்கல்லும்தான். ஆனால் இத்தகைய பாதையில் ஓடக் கால்பலம் மட்டும் போதாது. வீட்டிலேயே போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

முதலில் அனுமதி. இப்பூங்காவின் ஜொகூர் பகுதியை ஜொகூர் தேசியப் பூங்காக் கழகம் நிர்வகிக்கிறது. நுழைவு அனுமதி, ஓடக்கூடிய பாதை, வழிகாட்டி ஆகிய மூன்றையும் முன்பதிவின்போதே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகையாளர்களுக்குப் பூங்கா மூடப்படுவது வழக்கம். ஆகவே நாள் குறிக்கும் முன் அதையும் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது நேரம். தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓடுபவர், ஏற்ற இறக்கமுள்ள கல்லுச் சடக்கில் 9 நிமிடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்படியானால் 30 கிலோமீட்டருக்கு நான்கரை மணி நேரம். ஓய்வுக்கு அரை மணி நேரம் சேர்த்தால் 5 மணி நேரம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் முடியும்போது நண்பகல் 12 ஆகிவிடும்.

இன்னும் முன்னதாகத் தொடங்கலாமே என்று தோன்றும். பால்மரம் வெட்டுவோர் விடியுமுன் கிளம்புவது, குளிர்ந்த நேரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால். ஓடுபவருக்கும் அந்தக் குளிர்ச்சி நல்லதுதான். ஆனால் இது யானையும் புலியும் வாழும் காடு. வெளிச்சம் வராமல் காட்டுப் பாதையில் இறங்கக் கூடாது. புதிய யானைச் சாணத்தைக் கண்டால் அதற்கு மேல் போகாமல் திரும்பிவிட வேண்டும்.

இங்குதான் ‘திரும்பும் நேரம்’ உதவுகிறது. மேற்சொன்ன 5 மணி நேரத்தில் பாதி 9.30க்கு முடிகிறது. ஆனால் திரும்பும் பாதி வெயிலிலும் களைப்பிலும் வரும். எனவே 9.15 என்று குறித்துக்கொண்டு, அப்போது 13-வது கிலோமீட்டரில் இருந்தாலும் அங்கேயே திரும்ப வேண்டும். ‘இன்னும் இரண்டே கிலோமீட்டர்தானே’ என்ற எண்ணம்தான் ஆளைப் பிற்பகல் இடிமழையில் கொண்டுபோய் விடுகிறது.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. மணிக்கு 600 மில்லிலிட்டர் என்றால் 5 மணி நேரத்திற்கு 3 லிட்டர். முதுகுப்பையில் பாதியைச் சுமந்து, மீதியை நடுவழியில் வாகனத்தில் வைத்திருக்கலாம். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் உடலில் உப்புச் சத்து குறையும்; உப்புக் கரைசல் பொட்டலங்களும் பையில் இருக்கட்டும். தோட்டத்து ஓடை நீரைக் குடிக்க வேண்டாம். அதில் உரமும் களைக்கொல்லியும் கலந்திருக்கலாம், எலிக் காய்ச்சல் கிருமியும் இருக்கலாம்.

நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை எளிதில் காயாததால் உடல் சூடு தணிவதில்லை. உடன் ஓடுபவர் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். குளிர்விப்பதை நிறுத்தாமலே 999-ஐ அழைக்க வேண்டும்.

காட்டுக்குள் கைத்தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. 2019 மார்ச்சில் பேராக், கோப்பெங்கில் நடந்த காட்டு ஓட்டப் போட்டியில் ஒருவர் காணாமல் போனார். மீட்புப் படையினர் நாள்கணக்கில் தேடியும் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏற்பாட்டாளர்கள் இருந்த போட்டியிலேயே அந்த நிலை என்றால், தனியாகப் போகும் ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது மூவராகப் போவது நல்லது. பாதையின் படத்தையும், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

பயிற்சிக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. தோட்டத்தில் வசிப்பவர்களுக்குக் கல்லுச் சடக்கு வாசலிலேயே இருக்கிறது. நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, மருந்தடிக்கும் பகுதியையும் குலை ஏற்றும் லோரிகளையும் தவிர்த்து, முதல் வாரம் 8 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கலாம். அன்றே கைக்கடிகாரத்தில் திரும்பும் நேரத்தைக் குறித்து, அது வந்ததும் திரும்பிப் பழக வேண்டும்.