சென்னை ஐஐடியின் ஐபிஎம் 370/155

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கிய சென்னை ஐஐடியில் இந்தப் பெருங்கணினி 1973இல் நிறுவப்பட்டது. நிரலின் ஒவ்வொரு வரியும் 80 பத்திகள் கொண்ட துளை அட்டையில் பதிந்தது. அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு முறைக்குக் காத்திருக்க வேண்டும். அடுக்கு குலைந்தால் நிரலும் குலையும்.

இந்த வகைக் கணினியின் முதன்மை நினைவகம் சிலிக்கான் சில்லு அல்ல, கம்பிகளில் கோத்த நுண்ணிய ஃபெரைட் வளையங்கள். வளையத்துக்கு ஒரு பிட். காந்தப்புலம் சுழலும் திசையே 0 அல்லது 1. படித்தாலே பதிவு அழியும் என்பதால் உடனே திரும்ப எழுதியாக வேண்டும். அக்காலத்தில் வளையங்களைக் கோக்கும் நுணுக்கமான கைவேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணினி வரலாறு அவர்களுக்கு உரிய இடம் தரவில்லை. 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூரிலும் கைபேசிகளைப் பூட்டும் வரிசைகளில் பெண்களே மிகுதி.