உங்களுக்குத் தெரியுமா? பச்சிளங்குழந்தைக்கும் வலிக்கும்!

1980-களின் நடுப்பகுதி வரை, வசதி மிகுந்த மேலைநாட்டு மருத்துவமனைகளிலேயே பல பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்க மருந்து இல்லாமல்தான் அறுவை சிகிச்சை நடந்தது. அவர்களுக்கு வலி சரியாகத் தெரியாது, மயக்க மருந்தைத் தாங்கமாட்டார்கள் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். அசையாமல் இருக்கத் தசை தளர்த்தும் மருந்து கொடுத்தார்கள். கத்தி பட்டாலும் குழந்தையால் கையை உதற முடியாது, அழவும் முடியாது. எவ்வளவு பெரிய கொடுமை!

• இதை மாற்றியதில் பெரும்பங்கு, இந்தியாவில் மருத்துவம் படித்த கே.ஜே.எஸ். ஆனந்துக்கு. ஆக்ஸ்போர்டில் அவர் குழு நடத்திய ஆய்வில், இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாயை மூடும் அறுவைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு ஃபென்டனில் என்ற வலிநீக்கி சேர்த்துத் தரப்பட்டது. அவர்கள் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன்கள் குறைவாகவே ஏறின. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. 1987-ல் இந்த ஆய்வை ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது.

• அதே ஆண்டு, பச்சிளங்குழந்தைகளுக்கும் மயக்க மருந்து தர வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி அறிவித்தது.

• அறுவை மட்டுமல்ல, தடுப்பூசியும் வலிக்கும். அதற்கு உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன எளிய வழிகளில் ஒன்று தாய்ப்பால். குழந்தையை மடியில் அணைத்து, பால் கொடுத்தபடியே ஊசி போடலாம். அடுத்த முறை செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்.