தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா?

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் சிலர் என்னைச் சூழ்ந்துகொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. திருக்குறளில் சந்தேகம் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். "மாமா, ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு ஐ.ஓ.டி. பிராஜெக்ட் பண்ணணும். எந்த போர்டு வாங்கறது?" என்பதுதான் கேள்வி. பின்னாலேயே பெற்றோர்கள் வந்து, "ரொம்பச் செலவாகுமா சார்? ஷாக் எதுவும் அடிக்காதே?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட நம் இதழில் எழுதிவிடுவது நல்லதென்று தோன்றியது. செம்பூரில் எங்கள் கட்டடத்து மொட்டைமாடித் தொட்டிக்கு நானே ஒரு கருவி செய்து வைத்து, அதனால் நன்றாகக் குட்டும் வாங்கியவன் நான். எழுதுவதற்கு அந்த ஒரு தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

ஐ.ஓ.டி. என்பது என்ன?

'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்' என்பதன் சுருக்கம். தமிழில் 'பொருள்களின் இணையம்' என்கிறார்கள். கெவின் ஆஷ்டன் என்பவர் 1999-இல் இந்தப் பெயரைச் சூட்டினார். ஆனால் விஷயம் அதைவிடப் பழையது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1982-வாக்கில் கணினித் துறையினர் சிலருக்கு ஒரு தொல்லை. கோக் விற்கும் இயந்திரம் வரை நடந்து போவார்கள். போனால் பாட்டில் தீர்ந்திருக்கும், அல்லது சூடாக இருக்கும். இயந்திரத்தின் விளக்குகளைக் கணினியோடு இணைத்து, எந்த வரிசையில் பாட்டில் இருக்கிறது, அது குளிர்ந்துவிட்டதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்கும்படி செய்துவிட்டார்கள்.

இதில் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு வேலை தேடவில்லை. தொல்லை முதலில் வந்தது. கருவி பிறகு வந்தது. ஆகவே "எந்த போர்டு?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "வீட்டில் யாருக்கு என்ன தொல்லை?" என்பதுதான்.

எங்கள் கட்டடத்தின் தொல்லை தண்ணீர். முனிசிபாலிடித் தண்ணீர் கீழ்த்தொட்டிக்கு வரும். அங்கிருந்து மோட்டார் மூலம் மாடித்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். வயதான வாட்ச்மேன் ஒருவர் விடியற்காலையில் நான்கு மாடி ஏறி, இரும்பு ஏணியிலும் ஏறி, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குவார். மழைக்காலத்தில் அந்த ஏணியைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கும். அப்படித்தான் வேலையில் இறங்கினேன்.

எந்த போர்டு வாங்குவது?

மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஆர்டுயினோ, இத்தாலியில் 2005-இல் மாணவர்களுக்கென்றே தொடங்கப்பட்டது. கற்றுக்கொள்ள எளிது, ஆனால் சாதாரண யூனோ போர்டில் வைஃபை கிடையாது. ராஸ்பெர்ரி பை, 2012-இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. அது ஒரு முழுக் கணினி. தொட்டியைப் பார்க்க அது வேண்டியதில்லை, கொசுவை அடிக்கக் கோடரி எடுத்த கதையாகிவிடும். மூன்றாவது ஈ.எஸ்.பி.32. சீனாவின் எஸ்பிரெஸிஃப் நிறுவனம் 2016-இல் கொண்டுவந்தது. வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கின்றன. சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. முதல் பிராஜெக்டுக்கு இது போதும். சென்னையில் ரிச்சி தெரு எப்படியோ அப்படி மும்பையில் லாமிங்டன் ரோடு, டில்லியில் லாஜ்பத் ராய் மார்க்கெட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். அதுவே பாதிப் படிப்பு.

எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். பொறுமை வேண்டும். முதல் நாள் ஒரு சிறு விளக்கை மினுக்க வையுங்கள். அடுத்து ஒரு சென்சாரை இணைத்து, அது தரும் எண்ணைக் கணினித் திரையில் பாருங்கள். அது சரியாக வந்த பிறகே வைஃபை. மூன்றையும் ஒரே நாளில் இணைத்தால், எது தப்பு என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆகும்.

தொட்டிக்கு நான் பயன்படுத்தியது மீயொலி சென்சார். காதுக்குக் கேட்காத ஒலியைக் கீழே அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை அளக்கும். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால், போய்வர ஒரு வினாடியில் ஆயிரத்தில் 6 பங்கு ஆகும். அந்தத் தூரத்தைத் தொட்டியின் ஆழத்திலிருந்து கழித்தால் தண்ணீரின் அளவு. ஏழாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் தொட்டிக்குள் எப்போதும் ஈரம் இருக்கும். திறந்த சென்சார் துருப்பிடித்துவிடும். நீர் புகாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இணைத்ததும் போர்டு செத்துவிட்டதே?

என்னுடைய முதல் போர்டும் அப்படித்தான் போயிற்று. ஈ.எஸ்.பி.32-இன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை. பல சென்சார்கள் 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். இடையில் இரண்டு ரெசிஸ்டர்களைப் போட்டு (1 கிலோ ஓம், 2 கிலோ ஓம்) அந்த மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு கட்டிங் சாயாவைவிடக் குறைவு.

வீட்டு வைஃபையில் சேர மாட்டேன் என்கிறதே?

இன்றைய ரௌட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். ஈ.எஸ்.பி.32-க்கு 2.4 மட்டுமே தெரியும். ரௌட்டரில் அதைத் தனிப் பெயரில் வைத்துவிட்டால் சேர்ந்துகொள்ளும். அது சுவரைக் கடந்து எட்டும் தூரமும் அதிகம்.

ஷாக் அடிக்குமா?

5 வோல்ட்டில் அடிக்காது. 230 வோல்ட் வேறு சங்கதி. ரிலே என்னும் ஸ்விட்சை வைத்து மோட்டாரையே போனிலிருந்து ஓட்டலாமே என்று பிள்ளைகளுக்கு ஆசை வரும். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். சிறு ரிலே அதைத் தாங்காது, முறையான கான்டாக்டர் வேண்டும். அது எலெக்ட்ரீஷியன் வேலை. பிள்ளைகள் அந்தப் பக்கமே போக வேண்டாம். நானும் மோட்டாரைத் தொடவில்லை. அளவை மட்டும் காட்டினால் போதும், ஓட்டுவது மனிதராகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இணையம் போய்விட்டால்?

இந்தக் கேள்வியை இதுவரை எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கருவி ஆறு மாதம் அழகாக வேலை செய்தது. என் பழைய போனை வாட்ச்மேனிடம் கொடுத்து, "இனி மேலே ஏற வேண்டாம், இதில் பார்த்து மோட்டார் போட்டால் போதும்" என்று சொல்லியிருந்தேன். ஜூலை மாதத்தில் ஒரு நாள் இரவு என் வீட்டு ரௌட்டரின் அடாப்டர் உயிரை விட்டது. கருவி அளந்துகொண்டுதான் இருந்தது. அதன் செய்தி வெளியே போகவில்லை. போனில் மட்டும் கடைசியாக வந்த '80 சதவீதம்' அப்படியே நின்றது. வாட்ச்மேன் அதைப் பார்த்து மோட்டார் போடவில்லை. காலை ஏழரைக்குக் கட்டடம் முழுவதும் குழாய் வறண்டது. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் ஒரு பக்கம். மூன்றாம் மாடியில் படுக்கையில் கிடக்கும் பெரியவரைத் துடைத்துவிடத் தண்ணீரில்லாமல் தவித்த மருமகள் ஒரு பக்கம்.

திட்டு முழுவதும் வாட்ச்மேனுக்கு. "மேலே ஏறிப் பார்க்கக்கூடச் சோம்பலா?" என்று கமிட்டிக்காரர் ஒருவர் கத்தினார். அவர் என்னைப் பார்த்தார். "சாப் ஏற வேண்டாம் என்றார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நானும் அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. வேறு ஆளை வைக்கலாம் என்று பேச்சு வந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்தான் எழுந்து, "தப்பு என் கருவியுடையது, அவருடையது அல்ல" என்று சொன்னேன். வேலை அவருக்கு நிலைத்தது. அந்த மூன்று நாளும் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதன் பிறகு செய்த திருத்தங்களைத்தான் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்கிறேன்.

முதலாவது, எண்ணுக்குப் பக்கத்தில் அது வந்த நேரத்தையும் காட்டுவது. பத்து நிமிடத்துக்கு மேல் பழையதானால் எண்ணையே மறைத்துவிட்டு, 'தகவல் இல்லை, மேலே பார்க்கவும்' என்று எழுத வேண்டும்.

இரண்டாவது, எம்.க்யூ.டி.டி. என்னும் செய்தி முறையில் உள்ள ஒரு வசதி. ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் 1999-இல், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க இதை உருவாக்கினார்கள். கருவி இணையும்போதே தரகரான சர்வரிடம் ஓர் உயில் எழுதிக் கொடுத்துவிடலாம்: 'நான் பேச்சு மூச்சின்றிப் போனால் இதை எல்லோருக்கும் சொல்லிவிடு.' 60 வினாடிக்கு ஒருமுறையாவது குரல் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட கருவி, அதன் ஒன்றரை மடங்கான 90 வினாடி பேசாதிருந்தால், சர்வர் உயிலைப் படித்துவிடும். இப்போது ரௌட்டர் நின்றால் வாட்ச்மேனின் போன் உடனே கூவுகிறது.

மூன்றாவது, தொட்டியின் அடியில் ஒரு சாதாரண மிதவை ஸ்விட்ச். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால், பாட்டரியில் ஓடும் ஒரு மணி வாட்ச்மேன் அறையில் அடிக்கும். இதற்கு இணையமும் வேண்டாம், ஈ.எஸ்.பி.யும் வேண்டாம்.

யாராவது திருட முடியுமா?

தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்து திருடனுக்கு என்ன லாபம் என்று சிரிக்காதீர்கள். 2016-இல் 'மிராய்' என்ற நிரல், உலகெங்கும் கடையில் வாங்கியபடியே பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த காமிராக்களையும் ரௌட்டர்களையும் தன் வசப்படுத்திக்கொண்டது. அவற்றை ஒரே சமயத்தில் ஏவிவிட்டு, அந்த அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கினார்கள். உங்கள் கருவி தன் வீட்டுக்குத் தீங்கு செய்யாவிட்டாலும் அடுத்த வீட்டுக்குச் செய்யலாம். பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

பிள்ளைகளே, கருவி செய்யுங்கள். தனியாக இருக்கும் பாட்டி வீட்டு காஸ் கசிவுக்கோ, மாடித் தோட்டத்து மண்ணின் ஈரத்துக்கோ, எதற்காவது செய்யுங்கள். ஆனால் செய்வதற்கு முன், 'இது பேசாமல் போனால் யாருக்கு என்ன ஆகும்?' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகு எந்த போர்டு வாங்கினாலும் சரிதான்.

எங்கள் வாட்ச்மேன் போனைப் பார்த்துத்தான் இப்போதும் மோட்டார் போடுகிறார். ஆனால் வாரத்தில் ஒரு நாள் பகல் வெளிச்சத்தில் நானும் அவரும் சேர்ந்து மேலே போகிறோம். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். அவர் மூடியைத் திறந்து பார்த்து அளவைச் சொல்கிறார். போனில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டு இறங்குகிறோம்.