சில்லறைக் காசில் ஜோகூர் பாரு

சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கும் நடுவே இருப்பது ஒரு கிலோமீட்டர் சொச்சம் அகலமுள்ள நீர்ச்சந்தி. அதில் கல்லைக் கொட்டி மேடாக்கி, மேலே சாலையும் ரயில்பாதையும் போட்டு 1924 ஜூனில் முறைப்படி திறந்துவைத்தார்கள். அங்குள்ள தமிழர்கள் கடற்பாலம் என்பது இதைத்தான். இக்கரையில் ஏறி அக்கரையில் இறங்க, சாதாரணப் பேருந்தில் ஐந்து வெள்ளிகூட ஆகாது. (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்.) நேரக் கணக்குதான் வேறு. கூட்டமில்லாத வேளையில் சிங்கப்பூரின் கிராஞ்சியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அதே தூரத்துக்கு வெள்ளிக்கிழமை மாலையில் மூன்று மணி நேரம் பிடிப்பதும் உண்டு. காசு எப்படியும் மிச்சம். நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் தடவை போகிறவர்களைத் திணறவைப்பது ஒன்றுதான்: சீட்டு ஒன்று, ஆனால் ஏறி இறங்குவது மூன்று முறை. பேருந்து முதலில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிற்கும். எல்லாரும் மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டும். மின்படியில் மேலே போய்க் குடிநுழைவுச் சோதனையை முடித்துக் கீழே வந்தால், பேருந்து எண் எழுதிய வரிசைகள் இருக்கும். உங்கள் எண்ணுக்குரிய வரிசையில் நின்று, அடுத்து வருகிற வண்டியில் ஏற வேண்டும். அது கடற்பாலத்தைக் கடந்து, மறுகரையில் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் இறக்கிவிடும். அங்கே மறுபடி மேலே ஏற்றம், மலேசியக் குடிநுழைவு, பைகளுக்கு எக்ஸ்ரே. அதற்குப் பிறகும் பேருந்தில் போக வேண்டியிருந்தால் கீழே போய் மூன்றாவது முறையாக ஏற வேண்டும்.

ஏறி வந்த வண்டி உங்களுக்காகக் காத்திருக்காது. அதைத் தேடவும் வேண்டாம். அதே எண், அதே நிறுவனத்தின் எந்த வண்டியில் வேண்டுமானாலும் ஏறலாம். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தால் கடைசிவரை அதைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த வண்டியில் காட்டச் சொல்வார்கள். தொலைத்தால் மறுபடி பணம் கட்ட வேண்டியதுதான். ஈசி-லிங்க் என்ற கட்டண அட்டை வைத்திருந்தால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஏறும்போதும் தட்ட வேண்டும். இறங்குகிற அவசரத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அவசரம் என்றால் சாதாரண அவசரம் இல்லை. சாவடிக்கு முந்தைய வளைவிலேயே பாதிப் பேருந்து எழுந்து நின்றுவிடும். பை முதுகிலிருந்து மார்புக்கு வரும், கடவுச்சீட்டு கைக்கு வரும். கதவு முழுசாகத் திறப்பதற்குள் முதல் பத்துப் பேர் மின்படியை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அன்றாடம் போய்வருகிறவர்கள். ஒரு பேருந்துக்கு முன்னால் போனால் குடிநுழைவு வரிசையில் ஐம்பது பேருக்கு முன்னால் நிற்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். நீங்கள் ஓட வேண்டாம். ஆனால் கதவருகில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள்.

எங்கே ஏறுவது? லிட்டில் இந்தியா பக்கம் தங்குகிறவர்களுக்கு, பூகிஸ் அருகே இருக்கும் குவீன் ஸ்திரீட் நிலையம் நடக்கிற தூரம்தான். எஸ்பிஎஸ் நிறுவனத்தின் 170, சிரித்த முகம் வரைந்த மஞ்சள் நிற காஸ்வே லிங்க் வண்டியான சிடபிள்யூ 2, சிங்கப்பூர்–ஜோகூர் எக்ஸ்பிரஸ் ஆகிய மூன்றும் அங்கிருந்து கிளம்புகின்றன. 170 மலிவு. ஆனால் அது ஊர்ப் பேருந்து. புக்கிட் தீமா சாலை நெடுக ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆளேற்றும். மற்ற இரண்டும் சற்றே கூடுதல் காசு வாங்கிக்கொண்டு நேரே சாவடிக்குப் போகும்.

என்னைக் கேட்டால், பெரிய பெட்டி இல்லாதவர்கள் எம்ஆர்டி ரயிலில் கிராஞ்சி வரை போய் அங்கே ஏறுவதுதான் சரி. ரயில் நெரிசலில் மாட்டாது. கிராஞ்சியில் 160, 170, 170எக்ஸ், சிடபிள்யூ 1 என்று நான்கு வண்டிகள் இருப்பதால் காத்திருப்பும் குறைவு. உட்லண்ட்ஸ் நிலையத்தில் இறங்கினால் எஸ்எம்ஆர்டியின் 950 இருக்கிறது. எதில் ஏறினாலும் ஒன்றைக் கவனியுங்கள்: 160, 950 இரண்டும் ஜோகூர் பாரு ரயில் நிலையமான ஜேபி சென்ட்ரலோடு சரி. வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் லார்க்கின் நிலையத்துக்கு 170-உம் சிடபிள்யூ 2-உம் போகும்.

காகிதங்களைக் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது. 2026 இறுதி வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். ஜோகூர் பாருவைப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பப் போகிறீர்கள் என்றால், உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மட்டும் என்றிருந்தால், பாலத்தைத் தாண்டிய பிறகு திரும்பிவர வழியில்லை. கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்ல வேண்டும். மலேசியாவுக்கு மின்னிலக்க வருகை அட்டை, சிங்கப்பூருக்கு எஸ்ஜி வருகை அட்டை: இரண்டையும் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் அரசின் தளம் அல்ல. அப்படிப்பட்டவை தேடலில் முதலிலேயே வந்து நிற்கும்.

சரி, எப்போது போவது? கடற்பாலத்தை ஒரு நாளில் இருபக்கமுமாக மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். உலகிலேயே மிகப் பரபரப்பான தரைவழி எல்லைகளில் ஒன்று இது. இந்தக் கூட்டத்தில் இரண்டு வகையினர் உண்டு. ஒரு வகை, ஜோகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள். ஒரு வெள்ளி மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் பெறுவதால், சம்பளத்தை வெள்ளியில் வாங்கி வீட்டு வாடகையை ரிங்கிட்டில் கட்டுவது அவர்களுக்குக் கட்டுபடியாகிறது. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் சிங்கப்பூர் நோக்கிக் கிளம்பி, மாலையும் இரவுமாகத் திரும்புவார்கள். இன்னொரு வகை சிங்கப்பூர்க்காரர்கள். அதே நாணய வித்தியாசத்துக்காகச் சாப்பிடவும், முடிவெட்டவும், மளிகை வாங்கவும், காருக்குப் பெட்ரோல் போடவும் வார இறுதியில் ஜோகூருக்குப் போகிறார்கள். வெள்ளி மாலையும் சனி காலையும் போகிற கூட்டம், ஞாயிறு பிற்பகலிலிருந்து திரும்பும்.

இந்த இரண்டுக்கும் எதிர்த்திசையில் போகத் தெரிந்தால் போதும். வார நாளில் காலை எட்டு மணிக்கு மேல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பினால், வேலைக்கு வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் நெருக்கிக்கொண்டிருக்க உங்கள் பக்கம் வரிசை சின்னதாக இருக்கும். அன்று மாலை திரும்பும்போதும் அதே கதை. அவர்கள் வீட்டுக்குப் போகிற திசைக்கு எதிரே நீங்கள் வருகிறீர்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்புவதுதான் எல்லாருக்கும் தோன்றும். அதைவிட மோசமான நேரம் கிடையாது. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை விடும் மார்ச், ஜூன், செப்டம்பர், ஆண்டுக் கடைசி, அப்புறம் சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் எந்தக் கணக்கும் பலிக்காது. ஜோகூரில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2025 ஜனவரி 1 முதல் அங்கேயும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. அதனால் வார இறுதி நெரிசல் இப்போது இருபக்கமும் ஒரே நாளில் விழுகிறது.

பாலத்தின் நடுவே வண்டி நகராமல் நிற்கும்போது சிலர் இறங்கி நடக்கத் தொடங்குவதைப் பார்ப்பீர்கள். நடப்பதற்கென்று ஒழுங்கான பாதை அங்கே இல்லை. பக்கத்திலேயே மோட்டார் சைக்கிள்கள் பறக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஏசி பேருந்திலேயே உட்கார்ந்திருப்பது நல்லது.

ஜோகூர் பாரு நகரத்தை மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு மூன்றாவது ஏற்றம் தேவையே இல்லை. மலேசியக் குடிநுழைவை முடித்ததும் கீழே பேருந்துக்கு இறங்காமல், நேரே மேம்பாலத்தில் நடந்தால் ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையமும் சிட்டி ஸ்குவேர் பேரங்காடியும் வந்துவிடும். சுவரெல்லாம் கண்ணாடிச் சில்லுகள் பதித்த அருள்மிகு ராஜகாளியம்மன் கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம். ஜாலான் உங்கு புவான் தெருவில் தமிழ்க் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

கோலாலம்பூர் வரை போகிறவர்களுக்கு இரண்டு வழி. சிங்கப்பூரிலிருந்தே நேரடிச் சொகுசுப் பேருந்து பிடிக்கலாம். அல்லது மேலே சொன்னபடி லார்க்கினுக்குப் போய் அங்கே வேறு பேருந்து மாறலாம். தூரம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். எல்லையில் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் நேரடிப் பேருந்து ஆறு மணி நேரம் எடுக்கும். கட்டணத்தில்தான் வேறுபாடு. நேரடிப் பேருந்தில் வெள்ளியில் கட்டுகிறீர்கள், லார்க்கினில் ரிங்கிட்டில். லார்க்கினிலிருந்து சுமார் 40 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிற இருக்கை, சிங்கப்பூரில் ஏறினால் அதைப்போல இரண்டு மடங்கு, சமயத்தில் மூன்று மடங்கு ஆகிவிடும். முதுகுப்பையோடு தனியாகப் போகிறவருக்கு லார்க்கின்தான் லாபம். வயதானவர்களும் நான்கு பெட்டியும் உள்ள குடும்பத்துக்கு நேரடிப் பேருந்தே நிம்மதி.

நேரடிப் பேருந்து எல்லையில் உங்களுக்காகக் காத்திருக்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். குடிநுழைவு வரிசையில் மிகவும் தாமதமானால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதே நிறத்தில் நாலைந்து வண்டி நிற்கும் என்பதால், இறங்கும்போதே பதிவு எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரை விட்டு வெளியேறும் இடத்தில் பெரிய பெட்டி வண்டியிலேயே இருக்கலாம். மலேசியப் பக்கம் எல்லாவற்றையும் இறக்கிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தப் பேருந்துகளில் பல, உட்லண்ட்ஸை விட்டுவிட்டு 1998-இல் திறந்த துவாஸ் பாலம் வழியே போகின்றன. அங்கே கூட்டம் பொதுவாகக் குறைவு.

மலேசிய விரைவுப் பேருந்துகளில் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று அகலமான இருக்கைகள். சாய்ந்தால் தூக்கம் வரும், ஆனால் குளிர் விடாது. ஏசியைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை. ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ கையோடு இருக்கட்டும். வழியில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் கால் மணி நேரம் நிறுத்துவார்கள்.

கோலாலம்பூரில் போய்ச் சேர்வது பெரும்பாலும் டிபிஎஸ் என்கிற தெற்குப் பேருந்து முனையத்தில். 2011-இல் திறந்தது, விமான நிலையம் மாதிரி வாயில் எண், அறிவிப்புப் பலகை எல்லாம் உண்டு. ஒட்டினாற்போல் பண்டார் தாசிக் செலாத்தான் ரயில் நிலையம். எல்ஆர்டி, கேடிஎம் ரயில்கள் நகருக்குள் போகும். கேஎல்ஐஏ டிரான்சிட் நேரே விமான நிலையத்துக்குப் போகும். கோலாலம்பூரிலிருந்து ஊருக்கு விமானம் ஏறுகிறவர்கள் நகருக்குள் போகாமலே இங்கிருந்து போய்விடலாம். அறை வாடகை மிச்சம் என்று இரவுப் பேருந்து பிடிப்பதை நான் சொல்ல மாட்டேன். நள்ளிரவில் குடிநுழைவு வரிசையில் நின்று, விடியற்காலை நான்கு மணிக்கு டிபிஎஸ்ஸில் இறங்கி, முதல் ரயிலுக்காக நாற்காலியில் கிடக்க வேண்டியிருக்கும்.

பேருந்து வேண்டாம் என்பவர்களுக்கு உட்லண்ட்ஸ்–ஜேபி சென்ட்ரல் ஷட்டில் ரயில் 2015 முதல் ஓடுகிறது. ஐந்து நிமிடப் பயணம். சிங்கப்பூரில் ஏறினால் 5 வெள்ளி. ஜோகூரில் ஏறினால் 5 ரிங்கிட். வார இறுதிச் சீட்டுகள் முன்னதாகவே தீர்ந்துவிடும். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் என்ற புதிய ரயில்பாதையும் தயாராகிறது. இரு நாட்டுக் குடிநுழைவையும் ஏறுகிற இடத்திலேயே முடித்துவிடுவார்கள். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம். அது ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் ஷட்டில் நிறுத்தப்படும்.

திரும்பும்போது பையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்குள் சூயிங்கம் கொண்டுவரக் கூடாது. மெல்லும் புகையிலை, வேப் இரண்டும் தடை. சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கே கிடையாது. ஒரே ஒரு சிகரெட் இருந்தாலும் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். விமானத்தில் வருகிறவர்களுக்குக் கிடைக்கும் மதுச் சலுகை மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இல்லை. அன்றிரவே சாங்கியில் விமானம் என்றால், அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால், ஜோகூரில் மதியச் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டு முற்பகலிலேயே பாலத்தைத் தாண்டிவிடுங்கள்.