வாலிசெராப்சு டிரைபர்கேட்டசு

வாலிசெராப்சு டிரைபர்கேட்டசு என்பது அற்றுப்போன டிரைலோபைட்டு இனங்களுள் ஒன்றாகும். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியக் காலத்தில், இது கடலடியில் வாழ்ந்தது. இதன் புதைபடிவங்கள் மொரோக்கோ நாட்டில் கிடைக்கின்றன. டிரைலோபைட்டுகள் கணுக்காலிகள், நண்டுக்கும் தேளுக்கும் தூரத்து உறவினர். உடல் நீளவாக்கில் மூன்று மடல்களாகப் பிரிந்திருப்பதால் அப்பெயர் வந்தது. இவ்வினத்தை 2001ஆம் ஆண்டில் மொர்சாதெக் என்பவர் விவரித்துப் பெயரிட்டார்.

முதுகின் நடுவிலும் உடலின் ஓரங்களிலும் இதற்கு முட்கள் உண்டு. ஆயினும் பார்ப்பவரை வியக்க வைப்பது, தலையின் முன்புறம் ஒரு காம்பில் நீண்டு மூன்றாகக் கிளைக்கும் சூலம்தான். இவ்வளவு மெல்லிய உறுப்பைக் கடினமான சுண்ணாம்புக்கல்லிலிருந்து உடையாமல் வெளிக்கொணர, உருப்பெருக்கியின் கீழ் பல மணி நேரம் பொறுமையாகக் கல்லைச் செதுக்க வேண்டும். விலை அதிகம் என்பதால் பிசினால் செய்த போலிகளும் சந்தையில் உலவுகின்றன.

இந்தச் சூலம் எதற்கு? எதிரியைத் தடுக்க என்றால், அது முன்பக்கம் மட்டுமே நீண்டிருப்பதால் மேலிருந்தோ பின்னிருந்தோ வரும் எதிரியிடம் பயன்படாது. இரையைக் குத்த என்றால், குத்திய இரையை எடுத்து, தலையின் அடிப்பக்கத்தில் உள்ள வாய்க்குக் கொண்டுபோக வழியில்லை. சேற்றைக் கிளற என்றால், உடலை வசதியற்ற கோணத்தில் சாய்க்க வேண்டியிருக்கும்.

விடைக்கு உதவியது ஒரு குறையுள்ள படிவம். அமெரிக்காவின் ஊசுட்டன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ள அதன் சூலத்தில் மூன்றுக்குப் பதில் நான்கு முனைகள் உள்ளன. இது காயத்தின் தழும்பன்று, வளர்ச்சியில் நேர்ந்த கோளாறு. அப்படியிருந்தும் அவ்விலங்கு பலமுறை ஓடு கழற்றி முழு வளர்ச்சி அடைந்துள்ளது. உணவு தேடச் சூலம் இன்றியமையாததாக இருந்திருந்தால் அது அவ்வளவு காலம் பிழைத்திருக்காது. ஆகவே ஆண்கள் துணைக்காக ஒன்றையொன்று நெம்பிப் புரட்டிப் போட்டியிடவே சூலம் பயன்பட்டது என்று அலன் கிசிலிக்கும் ரிச்சர்டு போர்ட்டியும் 2023இல் வெளியிட்ட ஆய்வில் வாதிட்டனர். கொம்பு வண்டுகளின் ஆண்கள் இவ்வாறே மோதுகின்றன. தென்னந்தோப்புக்காரர்கள் நன்கறிந்த காண்டாமிருக வண்டும் அவ்வகையைச் சேர்ந்ததே.

இக்கருத்து சரியானால், துணைக்காக நடந்த சண்டைக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய சான்று இதுவாகும். பெண்களுக்குச் சூலம் இருந்திருக்காது. அவை ஏற்கெனவே வேறோர் இனமாகக் கருதப்பட்டு, வேறு பெயரில் ஏதேனும் அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கவும் கூடும்.