களையை முளைக்குமுன் தடுப்போம்

‘களை பிடுங்காப் பயிர் கால் பயிர்’ என்பது நம் முன்னோர் வாக்கு. மக்காச்சோளத்திற்கு இது மிகவும் பொருந்தும். இப்பயிர் தொடக்கத்தில் மெதுவாகவே வளரும். வரிசைகளுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். அங்கே சாரணையும் புற்களும் விரைந்து முளைத்து நீரையும் உரத்தையும் உறிஞ்சிவிடுகின்றன. முதல் நாற்பது நாட்களில் களையை அடக்காவிட்டால், பிறகு எவ்வளவு உழைத்தாலும் இழந்த விளைச்சலைப் பெற இயலாது.

களையெடுக்க உரிய நேரத்தில் ஆள் கிடைக்காதபோது, களை முளைக்குமுன் தெளிக்கும் களைக்கொல்லிகள் கைகொடுக்கின்றன. அவற்றுள் ஒன்று அட்ரசின். மண்ணில் தங்கும் இம்மருந்தை இளங்களையின் வேர் நீரோடு உறிஞ்சுகிறது. அது இலையை அடைந்து ஒளிச்சேர்க்கையைத் தடுக்கவே, களை வெளுத்துக் கருகிவிடுகிறது. அப்படியானால் மக்காச்சோளம் ஏன் கருகுவதில்லை? அதன் உடலிலுள்ள நொதி, மருந்தைக் குளுட்டாதயோன் என்னும் பொருளோடு பிணைத்து நஞ்சற்றதாக்கிவிடுகிறது. இயற்கையின் விந்தைதான் என்னே!

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, எக்டேருக்கு 50 சதவீத அட்ரசின் தூள் 500 கிராமை 900 லிட்டர் நீரில் கலந்து, விதைத்த மூன்றாம் நாள் கைத்தெளிப்பானால் மண்மீது சீராகத் தெளிக்க வேண்டும். அப்போது நிலத்தில் ஈரம் இருப்பது அவசியம். தெளித்த மண்ணைக் கிளறக் கூடாது. பின்னர் 40 முதல் 45 நாட்களுக்குள் ஒருமுறை கைக்களை எடுக்க வேண்டும்.

ஆனால் எல்லா வயலுக்கும் இது ஏற்றதன்று. உளுந்து, தட்டைப்பயறு முதலியன ஊடுபயிராக இருந்தால் அட்ரசின் அவற்றையும் அழித்துவிடும். அங்கே பெண்டிமெத்தலினைப் பயன்படுத்தலாம். கிழங்கிலிருந்து முளைக்கும் கோரையை இம்மருந்துகள் ஒழிப்பதில்லை. ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால், அதற்கு அஞ்சாத களைகள் பெருகும். மேலும் அட்ரசின் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கக்கூடியது. இக்காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அதற்கு அனுமதி மறுத்தது. எனவே அளவை மீறுவதும், கிணற்றருகே தெளிப்பான் கழுவுவதும் நம் குடிநீருக்கே கேடாகும்.

அன்புத் தோழியரே! மருந்துப் பொட்டலத்தில் பயிர், அளவு, எச்சரிக்கை யாவும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. வயலில் பாடுபடும் நம் பெற்றோர் பலருக்கு அதனைப் படிக்க இயலாது. தெளிக்குமுன் அதைப் படித்துச் சொல்வோம். நாம் கற்ற கல்வி வீட்டிற்கும் வயலுக்கும் பயன்படட்டும்!