இருதயச் சிரையில் ஒரு மெல்லிய குழாய்



1961ஆம் ஆண்டுச் சலாபத்திற்குப் பின் நம் தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. எனினும், மூழ்குபவர் கல்லின் துணையுடன் கடலடிக்கு இறங்க, தோணியில் ஒருவர் கயிற்றின் அசைவையே கவனித்திருப்பார் என்பதை மாப்பிள்ளையூரணி வாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. இருதய அறுவைச் சிகிச்சையிலும் அத்தகைய கவனம் வேண்டப்படுகிறது.

நெஞ்செலும்பை முழுதும் பிளக்காமல், விலா எலும்புகளுக்கிடையே சிறு கீறலிட்டு வால்வுகளைச் சீராக்கும் முறை இன்று பரவியுள்ளது. அவ்வேளை இருதயத்தை நிறுத்தி வைக்க, பொட்டாசியம் கலந்த திரவத்தைச் செலுத்துகின்றனர். உடலுக்கு இரத்தம் அனுப்பும் பணியை இயந்திரம் ஏற்கிறது. ஆனால் திரவம் இருதயத் தசையெங்கும் பரவாவிடில், நின்ற இருதயம் மீண்டும் துடிக்கையில் பலவீனமடைந்திருக்கும். ஆபத்து இங்கேதான்!

வழக்கமாகத் தமனிகளின் வழியே அது செல்லும். தமனிகள் அடைத்திருந்தாலோ, மகாதமனி வால்வு கசிந்தாலோ அவ்வழி போதாது. அப்போது இருதயத்தின் பெருஞ்சிரை வழியாக எதிர்த்திசையில் செலுத்துவர். சிறு கீறலின் வழியே அச்சிரையை எட்டுவது கடினம். ஆகவே மயக்க மருந்து நிபுணர் கழுத்துச் சிரையில் கதீட்டரை நுழைத்து, உணவுக்குழாயில் வைத்த எக்கோ கருவியையும் எக்ஸ்ரேயையும் பார்த்துச் செலுத்துகிறார். நுனியிலுள்ள சிறு பலூன் திரவம் பின்வாங்காமல் தடுக்கும். அழுத்தம் மிகுந்தால் சிரை கிழியக்கூடும். இருதயத்தின் வலப்பகுதிக்கு இவ்வழியே திரவம் குறைவாகவே சேரும் என்பதையும் மருத்துவர் கருத்திற் கொள்வர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில், இருதயத்தின் வலப்புற இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என எழுதியவர் கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு நஃபீஸ். 1929இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோர்ஸ்மன் தம் கைச்சிரை வழியே தம் இருதயத்திற்கே குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே படமும் எடுத்தார். 1956இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

நம் குடும்பங்களில் அறுவைச் சிகிச்சை என்றவுடன், "தழும்பு பெரிதாகுமா?" என்பதே முதற்கேள்வியாகிறது. சிறு கீறல் எல்லோருக்கும் பொருந்துவதன்று. "இவருடைய இருதயத்திற்கு எம்முறை பாதுகாப்பானது? நிறுத்தி வைக்கும் நேரத்தில் அதனை எவ்வாறு காப்பீர்கள்?" என்று கேளுங்கள். அச்சத்தால் நாட்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பது நபிவழி அன்றோ? கேட்டறிந்து முடிவெடுங்கள். பின்னர் அல்லாஹ்விடம் ஒப்படையுங்கள்.